சைலன்சர் நட்டு

வண்டி சத்தம் போட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். வண்டியைப் பார்த்தால் எரிச்சல், வண்டியைப் பற்றி விசாரிப்பவர்களைப் பார்த்தால் அதைவிட எரிச்சல். "இன்னாம்மா, வண்டி இப்டி கத்துது?" என்று கேட்காத ஆள் எங்கள் தங்க வயல் மைசூர் மைன்ஸ் பகுதியில் பாக்கி இல்லை. எனக்கும் காது இருக்கிறது, எனக்கும் கேட்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்வது?

பழைய நூறு சிசி வண்டி. எனக்கு முன்னால் அப்பா ஓட்டியது. பொம்பளை இதை ஓட்டுவதா என்று ஆரம்பத்தில் வாயைப் பிளந்தவர்கள் எல்லோரும் இப்போது பழகிவிட்டார்கள். கல்யாணமாகி, அது சரிப்படாமல், பெட்டியோடு நான் திரும்பி வந்ததற்கும் இப்படித்தான் பிளந்தார்கள், பழகினார்கள். வாயை மூட நேரம் ஆகும், அவ்வளவுதான்.

எனக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோரில் வேலை. தங்க வயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய் வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. மாரிகுப்பத்தில் கிளம்புகிற முதல் ரயிலைப் பிடித்தால் வண்டியே வேண்டியதில்லை, வாஸ்தவம்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் சமைத்து, அப்பாவுக்கு மதியத்துக்கும் மூடி வைத்து, அவருடைய மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டுக் கிளம்ப என்னால் முடியாது. அதனால் பங்காரப்பேட்டை வரைக்கும் வண்டியில் போய், ஸ்டாண்டில் போட்டுவிட்டு, அங்கே வேறு ரயிலில் ஏறுவேன். சாயங்காலம் அதே வழியாகத் திரும்பி வருவேன். வண்டி ஒழுங்காக ஓடினால் இது நடக்கும். ஓடாவிட்டால் நடக்காது.

எங்கள் மேனேஜர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். "மேடம், பக்கத்துல ஒரு ரூம் எடுத்துக்கோங்க. இன்னொரு தடவை லேட்டா வந்தீங்கன்னா என் கையில ஒண்ணுமில்ல." ரூம் எடுக்கலாம். அப்பா வரமாட்டார். கேட்டுப் பார்த்தேன். "நான் எங்கியும் வரல. சயனைடு மேட்டாண்ட பொதச்சிட்டு நீ போ," என்றார். மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரித்து எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு அது. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். அதைப் பார்க்காமல் அவரால் டீ குடிக்க முடியாது.

ஆக, வண்டி ஓடினால் நான் அப்பாவோடு இருப்பேன். வண்டி நின்றால், காது கேட்காத ஒரு மனுஷன் இந்த வீட்டில் தனியாக இருப்பார். எனக்கு வேறு வழி கிடையாது.

அப்பா மைன்ஸில் ஃபிட்டர். முதலில் கம்ப்ரசர் ஹவுஸ், பிறகு ஷாஃப்ட் குழிக்குள் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டை ஏற்றி இறக்குகிற வைண்டிங் இஞ்சின். காது போனது கம்ப்ரசர் ஹவுஸில்தான். மெல்லிசான சத்தம் எதுவும் கேட்காது. ஃபோன் மணி, குக்கர் விசில், கதவு தட்டுவது, வண்டி ஹாரன், எதுவும் இல்லை. கனமான சத்தம் மட்டும், நெஞ்சில் குத்துகிற மாதிரி வந்தால், பிடிபடும். காதில் மாட்டுகிற மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். உள்ளே வண்டு கத்துகிறது என்று கழற்றி டப்பாவில் போட்டார். டப்பா புத்தர் படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. ஃபோனை அதிர்கிற மாதிரி வைத்துச் சட்டைப் பையில் போட்டுக் கொடுத்தால், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு உட்கார்ந்திருப்பார். இந்த மாதிரி ஆளோடு குடும்பம் நடத்த தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது.

எங்கள் வீடு லைன் வீடு. வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி, மைன்ஸ் காலத்தில் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். வண்டியில் முன்பு இருந்த சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, சில வருஷமாகவே ஊரைக் கூட்டும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்த பிறகுதான் பேச்சு வந்தது. அக்கா சண்டைக்கு வருகிறவள் அல்ல. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றாள். "காலைல உன் வண்டி கெளம்புனா இது திடுக்குனு எழுந்து அழுவுதும்மா. அப்பறம் தூங்கவே மாட்டேங்குது. தப்பா நெனச்சிக்காத," என்றாள். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அந்த ஞாயிற்றுக்கிழமையே ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்ப் புது சைலன்சர் மாட்டிக்கொண்டு வந்தேன். வண்டி பூனை மாதிரி ஆகிவிட்டது. லைனில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் ரசத்தைச் சுட வைத்துக்கொண்டிருந்தார். வந்துவிட்டேன் என்று காட்ட தோளில் கை வைத்தேன். தூக்கிவாரிப் போட்டு, பாத்திரத்தைத் தட்டிவிட்டு, ரசம் முழுக்க அவர் கையில். முழங்கை வரை சிவந்து, மறுநாள் கொப்புளம். மருந்து போட்டுக்கொண்டே திட்டினேன். "நான்தானேப்பா, வேற யாரு வரப்போறாங்க, எதுக்கு இப்படித் துள்றீங்க?" அவர் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

கொப்புளம் ஆறுகிற சமயத்தில்தான் வண்டி சத்தம் போட ஆரம்பித்தது.

முதலில் 'டப் டப்' என்று மெல்லிசாக. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் 'பட் பட் பட்' என்று இஞ்சினுக்குள் யாரோ சுத்தியால் அடிக்கிற மாதிரி. மேடு ஏறும்போது கேட்கவே பயமாக இருக்கும். பங்காரப்பேட்டைக்குப் பாதி வழியில் இஞ்சின் இறுகி நின்றுவிட்டால் அந்த இருட்டில் நான் யாரைக் கூப்பிடுவேன்? பயந்து பயந்து மெதுவாக ஓட்டினேன். மெதுவாக ஓட்டினால் ரயில் போய்விடுகிறது. ரயில் போனால் மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. அக்கா இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, வாசலில் நின்று என் வண்டியைப் பார்த்தாள். கேட்டிருந்தாலே தேவலை.

எங்கள் ஊரில் ஒரு வியாதி உண்டு. இங்கே ஒவ்வொரு ஆம்பிளையும் இஞ்சினியர். அப்பன் மைன்ஸில் டிராலி தள்ளியிருந்தாலும் மகனுக்கு மிஷின் ஞானம் ரத்தத்தில் ஊறியிருக்கும். ஒரு வண்டி கொஞ்சம் இருமினால் போதும், லுங்கியை மடித்துக்கொண்டு சுற்றி நின்றுவிடுவார்கள். ஒருவர் ஸ்க்ரூடிரைவரை இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடி, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "பிஸ்டன்" என்றார். எதிர் வீட்டு அண்ணன் அதே ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி அதே இடத்தில் வைத்துக் கேட்டுவிட்டு "டைமிங் செயினு" என்றார். பிஸ்டனுக்கும் செயினுக்கும் நடுவில் அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள். நான் கியரை மாற்றத் தெரியாமல் மாற்றி இஞ்சினைக் கெடுத்துவிட்டேனாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூடிரைவரை வாங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

புது சைலன்சர் மாட்டிய அதே ராபர்ட்சன்பேட்டை மெக்கானிக் பையனிடம் போனேன். "வுட்டுட்டுப் போங்கக்கா, வாரம் ஆவும். நெறைய வண்டி நிக்குது," என்றான். ஒரு வாரம் நான் எதில் போவது? "சும்னே டென்ஷன் ஆவாதீங்கக்கா," என்று கன்னடத்தையும் கொஞ்சம் கலந்து ஆறுதல் சொன்னான். எனக்கு ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டால் அடிக்க வேண்டும் போலிருக்கும். நானே பிரிக்கிறேன் என்று முடிவெடுத்தேன். ஃபோனில் வீடியோ இருக்கிறது, அப்பாவின் ஸ்பானர்கள் பெட்டி நிறைய இருக்கின்றன, கை இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கை விரித்து, அதன்மேல் பேப்பரைப் போட்டு உட்கார்ந்தேன். அப்பா எதிரில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இஞ்சின் ஆறியிருந்தது. டேப்பெட் மூடிகளைக் கழற்றினேன். மேக்னெட் மூடியைத் திறந்து, குறி நேராக வருகிறவரை சுற்றி, மெல்லிய தகட்டை விட்டு வால்வு இடைவெளி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லையோ என்று மறுபடி பார்த்தேன். மறுபடியும் சரியாகவே இருந்தது. மூடிகளை மாட்டி உதைத்தேன். அதே 'பட் பட்'.

அப்பா எழுந்து வந்தார். ஒரு இரும்புக் கம்பியை இஞ்சின்மேல் வைத்து, அடுத்த முனையை மிச்சமிருக்கும் கடைவாய்ப் பல்லால் கடித்துக்கொண்டார். காது போன பிறகு மைன்ஸில் அவர் பேரிங் பார்த்தது இப்படித்தான். சத்தம் பல் வழியாக மண்டைக்குள் வரும் என்பார். வைண்டிங் இஞ்சினைக் கடித்துப் பார்த்த ஒரே ஃபிட்டர் என்று அந்தக் காலத்தில் அவரைக் கேலி பண்ணுவார்களாம். நாலைந்து இடத்தில் கம்பியை மாற்றி மாற்றி வைத்துக் கடித்தார். பிறகு கம்பியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"இஞ்சின் நல்லா கீது. உட்டுடு."

"நல்லா கீதா? இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்குதா இல்லியா?"

"கேக்குது," என்றார். "நல்லா கேக்குது. இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. கழட்டாத."

காது கேட்காதவர் சத்தத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னால் யார் கேட்பார்கள்? நான் கேட்கவில்லை. டைமிங் செயினுக்கு இழுவை கொடுக்கும் பாகத்தைக் கழற்றினேன். போல்ட் வரவில்லை. ஸ்பானர் வழுக்கி விரல் மூட்டுத் தோல் உரிந்தது. அங்கேயே உட்கார்ந்து, வண்டியைச் செய்தவன், ஓட்டை ரயிலை விடுகிறவன், மைன்ஸை மூடினவன், என்னைக் கட்டினவன் என்று எல்லோரையும் வரிசையாகத் திட்டினேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. அப்பா முக்காலியை விட்டு நகரவில்லை. நான் கழற்றி வைத்த பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே அடுக்கிக்கொண்டிருந்தார். முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

செயினும் நன்றாகவே இருந்தது. எல்லாவற்றையும் பூட்டி மறுபடி உதைத்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பட் பட் பட். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இஞ்சினைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை எட்டித் திருகினேன். மணிக்கட்டில் 'ஃபுஸ் ஃபுஸ்' என்று சூடாக ஏதோ ஊதியது. குனிந்து பார்த்தேன். சைலன்சர் குழாய் இஞ்சினோடு வந்து சேருகிற இடத்தில் கரி படிந்திருந்தது. அங்கே இருக்கிற இரண்டு நட்டும் லூஸ். புகை முழுக்கக் குழாய்க்குள் போகாமல் இடுக்கு வழியாக வெளியே அடித்துக்கொண்டிருந்தது. பிஸ்டனும் இல்லை, செயினும் இல்லை, என் கியரும் இல்லை. இரண்டே நட்டு. பத்தாம் நம்பர் ஸ்பானரால் இறுக்கினேன். வண்டி பூனையாகிவிட்டது.

சந்தோஷம் வர வேண்டிய இடம். எனக்கு வந்தது ஆத்திரம். சைலன்சர் மாட்டிய பையன் ஒழுங்காக இறுக்காததால் அல்லவா இத்தனை பாடு? மறுநாள் சாயங்காலம் நேராக அவன் ஷெட்டுக்குப் போய், நாலு கஸ்டமர் முன்னால் வைத்து விளாசினேன். "அக்கா, நான் வாஷர் போட்டு டைட் வெச்சேன், சாமி சத்தியமா," என்றான். சத்தியம் பண்ணுகிறவனை நான் நம்புவதில்லை.

அந்த வாரக் கடைசிக்குள் சத்தம் திரும்ப வந்துவிட்டது. பார்த்தால் இரண்டு நட்டும் லூஸ். இறுக்கினேன். கொஞ்ச நாளில் மறுபடியும். ஷெட்டுக்குப் போய் மறுபடியும் கத்தினேன். அவனும் இந்தத் தடவை கத்தினான். ஸ்பிரிங் வாஷர் போட்டு, அவன் பலம் முழுவதையும் கொடுத்து இறுக்கி, "இது இனிமே லூஸ் ஆச்சின்னா நான் கட மூடிட்றேன்," என்றான். லூஸ் ஆனது. நடுவில் ஒரு நாள் ரயிலை விட்டேன். மேனேஜர் அன்றைக்குத் திட்டவில்லை. ஒரு லேடீஸ் ஹாஸ்டலின் நம்பரை என் ஃபோனுக்கு அனுப்பி வைத்தார்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். தினமும் விடியலில், நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது, வெளியே போய் வண்டியைத் துணியால் துடைப்பார். ஒரு நாள் குழம்புக்குப் புளியைக் கரைத்துவிட்டு சக்கையைக் கொட்ட வெளியே வந்தேன். அப்பா வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். துணி தோளில் கிடந்தது. கையில் ஸ்பானர். நான் பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. நிதானமாக ஒரு நட்டைத் திருப்பினார், விரலால் தொட்டுப் பார்த்தார், அடுத்த நட்டுக்குப் போனார். இறுக்குகிற பக்கம் அல்ல.

எனக்கு என்ன பார்க்கிறேன் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்தார். மறைக்கவில்லை.

"இன்னாப்பா பண்றீங்க?"

"நட்டு லூஸ் பண்றேன்," என்றார், கீரை ஆய்கிறேன் என்பது போல.

அதன்பிறகு நான் பேசியதை எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை, விரல் மூட்டு, மெக்கானிக், ரயில், மேனேஜர், ஹாஸ்டல் எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மெதுவா திட்டு. இருட்டுல உன் வாயி தெரியல," என்றார்.

உள்ளே போய் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்து முதலிலிருந்து திட்டினேன்.

"ஒரு நாள் பூரா இஞ்சினக் கழட்டிப் போட்டுகினு உக்காந்திருந்தேனே, எதிர்லயே தானே குந்திகினு இருந்தீங்க?"

"இஞ்சின் நல்லா கீதுன்னு சொன்னேன். நீ கேக்கல."

"நட்ட லூஸ் பண்ணது நான்தான்னு சொன்னீங்களா?"

"அத சொல்லல," என்று ஒத்துக்கொண்டார்.

"வேல போயிடும்ப்பா. நான் ஹாஸ்டல்ல போய்த் தங்கணும். நீங்க இங்க ஒண்டியா கெடக்கணும். அதான் உங்களுக்கு வேணுமா?"

அவர் ஸ்பானரைத் துணியில் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் பேசினார்.

"பழைய சைலன்சர் இருந்தப்போ நீ வாட்டர் டேங்காண்ட திரும்பும்போதே எனக்குத் தெரியும். எழுந்து லைட்டப் போட்டு அடுப்பப் பத்த வெப்பேன். இப்போ ஒண்ணும் தெரியல. வந்தியா வந்தியான்னு பொழுது சாஞ்சதுலருந்து எழுந்து எழுந்து பாத்துகினே கீறேன். அன்னிக்கு தோள்ல கை வெச்ச. சத்தமே இல்லாம கை வந்துச்சி." துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஷாஃப்டுல கேஜ் மேல வர்றப்போ ஆளுங்க கத்திகினு, சிரிச்சிகினு, திட்டிகினு வருவாங்க. எனக்கு அப்பவே காது மந்தம், ஆனா அது கேக்கும். கேக்குற வரிக்கும் நிம்மதி. ஒண்ணும் கேக்காம கேஜ் மேல வந்துச்சின்னா, கதவத் தொறக்க எங்க யாருக்கும் கை வராது. உள்ள இன்னா கீதுன்னு தெரியும்."

நான் குனிந்து அந்த இரண்டு நட்டையும் பார்த்தேன்.

"இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாத எடமாப் பாத்துதான் லூஸ் பண்ணேன்," என்றார். "அர சுத்துதான். ரெண்டும் ஒரே அளவு."

இந்த இடத்தில் எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. காரணம் தெரிந்ததும் கோபம் அதிகமாகத்தான் ஆனது. எனக்காகக் காத்திருக்கிறேன் என்று என்னை வேலையை விட்டே துரத்தப் பார்த்திருக்கிறார். இதற்குப் பெயர் பாசம் என்றால் அது எனக்கு வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி நின்று சொன்னேன். ஸ்பானரைப் பிடுங்கி இரண்டு நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். ஸ்பானரை என் பையில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, சொல்லாமல் கிளம்பினேன். வண்டி சத்தமே போடாமல் லைனைத் தாண்டியது. ரயில் நகர்ந்துகொண்டிருந்தபோது ஓடி ஏறினேன்.

அன்றைக்கு சாயங்காலம் திரும்பி வருகிற ரயில் எங்கேயோ சிக்னலுக்காக நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பங்காரப்பேட்டையில் இறங்கும்போது வழக்கமான நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு விரட்டினேன். எங்கள் பக்கம் வாட்டர் டேங்க் வளைவில் திரும்பியபோது, ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டின் நடுவில் ஒரு ஆள். பனியன், லுங்கி. ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை வண்டியை நிறுத்துகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்து, சறுக்கி, அவர் முட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"செத்துப் போயிருப்பீங்க," என்று கத்தினேன். "நடு ரோட்ல வந்து நிப்பாங்களா யாராவது?"

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

"எது உன் வண்டின்னு தெரியல," என்றார். "அதான் எல்லா வண்டியும் நிறுத்திப் பாத்துகினு இருந்தேன்."

எத்தனை பேர் அவரைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று தெரியாது. அவருக்கு எதுவும் காதில் விழுந்திருக்காது. பின்னால் ஏறச் சொன்னேன். ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. ரசம் ஆறிக் கிடந்தது. நான்தான் சுட வைத்தேன்.

இப்போது பக்கத்து வீட்டுக் குழந்தை காலையில் நிம்மதியாகத் தூங்குகிறது. நான் ரயிலைத் தவறவிடுவதில்லை. மேனேஜர் ஹாஸ்டல் பேச்சை எடுப்பதில்லை. மெக்கானிக் பையனிடம் நான் இன்னும் பேசவில்லை, அவனும் கடையை மூடவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பானர் என் பையிலேயே இருக்கிறது. தினமும் சாயங்காலம் வாட்டர் டேங்க் வளைவுக்கு வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, குந்தி உட்கார்ந்து, இரண்டு நட்டையும் அரைச் சுற்று லூஸ் பண்ணுகிறேன். இரண்டும் ஒரே அளவு. போகிற வருகிறவர்கள் வண்டி கெட்டுவிட்டதென்று நின்று யோசனை சொல்லுகிறார்கள். அவர்களையும் திட்டி அனுப்புகிறேன். விடியலில் கிளம்பும்போது தொட்டுப் பார்த்தால் நட்டு இறுகியிருக்கிறது. நான் இறுக்குவதில்லை. அப்பாவின் பெட்டியில் பத்தாம் நம்பர் ஸ்பானர் இன்னொன்று இருந்திருக்க வேண்டும். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினால் சண்டைதான் வரும்.

இத்தனை தூரம் ஓடி வந்த இஞ்சின் கொதிக்கும். துணியைச் சுற்றிக்கொண்டாலும் விரல் சுட்டுவிடுகிறது. சுடும்போதெல்லாம் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். இப்படியே போனால் நட்டின் மரை தேய்ந்துபோகும், அப்போது இருக்கிறது அவருக்கு என்று சொல்லிக்கொண்டே எழுந்து வண்டியை உதைக்கிறேன். பட் பட் பட் என்று ஊரைக் கூட்டிக்கொண்டு லைனுக்குள் திரும்புகிறேன். எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது.